எழுதினால் பணமாம்! யார் பணம்?

சில வருஷ காலமாக நமது வாலிபர்களுக்குள் ஒரு பேச்சு அடிபட்டு வருகின்றது. அதாவது, "எழுதிப் போட்டால் போதும், படம் பிடித்துப் போட்டால் போதும், பத்திரிகாதிபர் தயவும் வேண்டாம், கம்பெனிக்காரன் தயவும் வேண்டாம், பிளாக்செயின் என்கின்ற ஏற்பாட்டில் நடக்கும் சமூக தளங்களில் எழுதுகிறவனுக்கு நேரே பணம் வந்து சேரும்" என்பதாகும். இப்படிச் சொல்லுகிறவர்களில் சிலர் மெய்யாகவே அதில் நாலு காசு கண்டவர்கள். மற்றும் பலர், தாங்கள் வாங்கி வைத்திருக்கும் நாணயத்தை விற்பதற்கு ஆள் தேடுகிறவர்கள். இவ்விரண்டு கூட்டத்தாரும் ஒரே பாஷையில் பேசுவதால், கேட்பவனுக்கு எது அனுபவம், எது வியாபாரம் என்று பிரித்தறிய முடிவதில்லை. எழுத்தை மாத்திரம் போடப் போனவன், "கொஞ்சம் முதலும் போட்டால் அதிகம் வரும்" என்ற பேச்சைக் கேட்டுக் கைச்சேமிப்பையும் போட்டுவிட்டு நிற்கின்றான். ஆதலால் இதைப் பற்றி நாம் சற்று விவரமாகவே எழுத வேண்டியிருக்கின்றது.

முதலாவதாக, இந்த ஆசையைப் பரிகாசம் செய்வது நமது நோக்கமல்ல. எழுதுகிறவனுடைய குறை நியாயமான குறையேயாகும். பெரிய கம்பெனிகளின் தளங்களில் கோடிக்கணக்கான ஜனங்கள் கூலியின்றி எழுதிக் குவிக்கிறார்கள். அதைப் பார்க்க வரும் கூட்டத்தைக் காட்டிக் கம்பெனிகள் விளம்பரப் பணம் வாங்கிக் கொள்ளுகின்றன. யூடியூப் நீண்ட படங்களில் வரும் விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 55 பங்கைப் படம் போட்டவருக்குக் கொடுக்கின்றது. அங்கும் யாருக்குக் கொடுப்பது, யாரை நிறுத்துவது என்பது கம்பெனியின் இஷ்டமேயொழிய வேறில்லை. ஒரு நாள் காலையில் கணக்கை மூடிவிட்டால் ஐந்து வருஷ உழைப்பும் போய்விடும். "இப்படிப்பட்ட எஜமானன் நமக்கு எதற்கு?" என்று ஒருவன் கேட்டால் அது சுயமரியாதையுள்ள கேள்வியே என்று சொல்லுவோம். ஆனால் பழைய எஜமானனை விட்டு வெளியேறுகிறவன், போகிற இடத்தில் எஜமானனே இல்லையா, அல்லது முகம் தெரியாத எஜமானன் இருக்கின்றானா என்று பார்க்க வேண்டாமா?

பிளாக்செயின் என்பது மாயமுமல்ல, மந்திரமுமல்ல. அது ஒரு பேரேடு. ஒரு கடையின் பேரேடு கடைக்காரன் பெட்டியில் இருக்கும். அவன் நினைத்தால் ஒரு பக்கத்தைக் கிழிக்கலாம். இந்தப் பேரேட்டுக்கோ பல ஊர்களில் பல பேருடைய கம்ப்யூட்டர்களில் பிரதி இருக்கின்றது. புதிதாக எழுதும் ஒவ்வொரு பக்கமும் முந்தின பக்கத்தோடு கணக்கு முறையால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒருவன் தன் பிரதியில் பழைய பக்கத்தை மாற்றினால் மற்றப் பிரதிகள் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். இவ்வளவுதான் சங்கதி. இது நல்ல யுக்தி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பேரேடு யோக்கியமாய் இருப்பதனாலேயே அதில் எழுதப்பட்ட தொகைக்குச் சந்தையில் விலை உண்டு என்று ஆகிவிடாது. பேரேட்டின் சட்டதிட்டங்களை மாற்றும் அதிகாரம் யாரிடத்தில் இருக்கின்றது என்பதும் பேரேட்டைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடாது.

நிற்க. இந்த ஏற்பாட்டை முதன்முதலில் பெரிய அளவில் நடத்திக் காட்டியது அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டீமிட் என்பதாகும். நெட் ஸ்காட், டான் லாரிமர் என்னும் இருவர் 2016-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இதற்கான ஸ்டீம் என்னும் பேரேட்டைத் துவக்கினார்கள். அவ்வருஷம் ஜூலை 4-ந் தேதி எழுத்தாளர்களுக்கு முதல் பட்டுவாடா நடந்தது. அதில் பணம் வரும் வழி இது: பேரேடு தானாகவே நாள்தோறும் புது ஸ்டீம் நாணயங்களை உண்டாக்கிக் கொண்டே இருக்கும். அப்படி உண்டாகும் நாணயத்தில் ஒரு பகுதி எழுத்துக்கென்று ஒரு பொதுப் பானையில் விழும். எழுதப்பட்டவைகளுக்கு வாசகர்கள் ஓட்டுப் போடுவார்கள். விழுந்த ஓட்டின் பலத்துக்குத் தக்கபடி ஏழாவது நாள் பானையிலிருந்து பங்கு கிடைக்கும். அந்தப் பங்கில் முக்கால் எழுதினவனுக்கும், கால் ஓட்டுப் போட்டவர்களுக்கும் சேரும். 2019 ஆகஸ்டில் விதியை மாற்றி எழுதினவனுக்குப் பாதி, ஓட்டுப் போட்டவர்களுக்குப் பாதி என்று ஆக்கினார்கள். எழுதுகிறவனுக்காகவே பிறந்ததாகச் சொல்லப்பட்ட தளம், மூன்றே வருஷத்தில் எழுதினவனையும் கை தட்டினவனையும் ஒரே தராசில் வைத்தது!

இப்பொழுது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கின்றது. பானையில் விழும் நாணயம் யாருடைய பணம்? ஸ்டீமிட் துவங்கியபோது விளம்பரம் இல்லை, வாசகன் சந்தாவும் கட்டவில்லை. வெளியிலிருந்து ஒரு சல்லியும் வராமல் நாணயம் மாத்திரம் பெருகிற்று. நாணயம் பெருகினால் ஏற்கனவே இருக்கும் ஒவ்வொரு நாணயத்தின் மதிப்பும் அந்த அளவுக்கு இளைக்கும். ஒரு குடம் மோரில் இன்னொரு செம்பு தண்ணீரை விட்டு அனைவருக்கும் ஊற்றுவது போன்றதே இது. எழுதினவன் தன் நாணயத்தை ரூபாயாகவோ டாலராகவோ ஆக்க வேண்டுமானால், மாற்றுச் சந்தையில் அதை வாங்குவதற்கு ஒருவன் வர வேண்டும். அவன் கட்டுரையைப் படிப்பதற்காக வருகிறவனல்ல. நாளைக்கு விலை ஏறும், இன்னொருவன் தலையில் கட்டலாம் என்று வருகிறவன். ஆகவே எழுத்தாளனுக்குக் கிடைத்த கூலி வாசகன் கொடுத்ததல்ல. பின்னால் வந்த சூதாடி கொடுத்தது. அவன் வரும் வரையில் கூலி உண்டு. அவன் வராத நாளில் கட்டுரை எவ்வளவு உயர்ந்ததானாலும் கூலி இல்லை.

இதற்கு அத்தாட்சி வேண்டுமானால், 2018 ஜனவரியில் ஒரு ஸ்டீமுக்கு எட்டு டாலருக்கு மேல் விலை இருந்தது. அவ்வருஷம் முடிவதற்குள் அரை டாலர்கூடப் பெறவில்லை. நவம்பர் மாதத்தில் ஸ்டீமிட் கம்பெனி தன் சிப்பந்திகளில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிற்று. அந்தப் பதினொரு மாதத்தில் உலகத்து எழுத்தாளர்களெல்லாம் திடீரென்று எழுதத் தெரியாதவர்களாகப் போய்விட்டார்களா? இல்லவே இல்லை. நாணயம் வாங்க வந்த கூட்டம் கலைந்தது, அவ்வளவே.

இவ்விடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுவோம். தென் அமெரிக்காவில் வெனிசுவேலா தேசத்தார், தங்கள் சர்க்கார் நாணயம் காகிதத்துக்கும் பெறாமல் போன காலத்தில், ஸ்டீமிட்டில் கிடைத்த சில டாலரைக்கொண்டு அரிசி பருப்பு வாங்கினார்கள் என்பது வாஸ்தவம். வருவதை உடனே மாற்றிச் செலவு செய்தவர்களுக்கு அது பிரத்தியட்சமான உதவியாக இருந்தது. உயரும் என்று பூட்டி வைத்துக் காத்திருந்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

இனி ஓட்டைப் பற்றிப் பார்ப்போம். ஓட்டு என்றதும் நமது ஜனங்கள் ஆளுக்கு ஒன்று என்று நினைத்துக்கொள்ளுகிறார்கள். ஸ்டீமில் அப்படியல்ல. யார் எவ்வளவு நாணயத்தைப் பூட்டி வைத்திருக்கிறானோ அவ்வளவுக்கு அவனுடைய ஓட்டுக்குப் பலம். லட்சம் நாணயக்காரன் ஒருவன் ஒரு விரலால் தட்டினால், பத்து நாணயக்காரர் பதினாயிரம் பேர் சேர்ந்து தட்டினதற்குச் சமானம். 2017 ஜூன் வரையிலும் இதைவிட மோசமாக, மொத்த ஓட்டுப் பலத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி பங்கு கொடுத்தார்கள். அதாவது ஒரு கட்டுரைக்கு மற்றொன்றைவிடப் பத்து மடங்கு பலம் விழுந்தால் நூறு மடங்கு பணம்! பெருந்தனக்காரர்களை அங்கே திமிங்கிலங்கள் என்றும், ஏழைகளைப் பொடிமீன்கள் என்றும் அழைப்பது வழக்கம். இது நாம் வைத்த வசவுப் பெயரல்ல, அவர்களே சூட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் உண்டான நாணயத்தில் பெரும்பகுதியைக் கம்பெனியாரே எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், திமிங்கிலம் எங்கேயிருந்து வந்தது என்று தனியாகத் தேட வேண்டியதில்லை.

நமது தேசத்திலும் சொத்து, வரி, படிப்பு பார்த்து ஓட்டுக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1919-ம் வருஷத்துச் சட்டமும் 1935-ம் வருஷத்துச் சட்டமும் அப்படித்தான் செய்தன. 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில்தான் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. அந்தப் பழைய முறைக்குப் புதுக் கம்ப்யூட்டர்ச் சட்டை போட்டு, "இதுதான் ஜனநாயகம், இதுதான் பரவலாக்கப்பட்ட அதிகாரம்" என்று சொன்னால் நாம் தலையாட்டிக் கொண்டிருக்க வேண்டுமா?

ஓட்டுக்கு விலை உண்டான பிறகு ஓட்டு வியாபாரம் உண்டாகாமல் இருக்குமா? உண்டாயிற்று. பணம் அனுப்பினால் பெரிய ஓட்டுப் போடும் யந்திரக் கணக்குகளைச் சிலர் ஏற்படுத்தினார்கள். எழுதினவன் தன் கைப்பணத்தை அங்கே செலுத்தித் தன் எழுத்துக்குத் தானே ஓட்டு வாங்கி, முகப்புப் பக்கத்தில் ஏறினான். 2018-ல் முகப்புப் பக்கத்தைப் பார்த்தவன் இது ஜனங்கள் விரும்பியதா, அல்லது விலை கொடுத்து ஏற்றியதா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பெரியவர்கள் தங்களுக்குள் மாறி மாறி ஓட்டுப் போட்டுக்கொள்ளுவது இன்னொரு வழக்கம். இவற்றில் கள்ளக் கையெழுத்து ஒன்றும் இல்லை, எல்லாம் பேரேட்டில் பகிரங்கமாகவே இருந்தது. பகிரங்கமாய் இருந்தும் நிறுத்த முடியவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது.

மற்றொரு விபரீதம், அந்த ஏழு நாள் கெடு. ஒருவன் ஆறு மாதம் பாடுபட்டு ஊர் ஏரிகளைப் பற்றி ஒரு ஆராய்ச்சி எழுதுகிறான். அதைப் பத்து வருஷம் ஜனங்கள் படிக்கலாம். ஆனால் எட்டாம் நாள் முதல் அதற்குப் பானையிலிருந்து காலணாவும் இல்லை. நாள்தோறும் ஒரு துண்டு எழுதிக் கூட்டம் சேர்க்கிறவனுக்கே லாபம். ஆகையால் அங்கே நாணயத்தின் விலையைப் பற்றியும், தளத்தின் புகழைப் பற்றியும், எழுதிப் பணம் சம்பாதிப்பது எப்படி என்பதைப் பற்றியும் எழுதப்பட்டவையே மலிந்தன.

இதெல்லாம் கூலியைப் பற்றியது. சொத்தைப் பற்றிய வாக்குறுதியோ இன்னும் பெரியது. "உன் நாணயத்தை உன் சாவியின்றி எவனும் தொட முடியாது" என்றார்கள். 2020-ல் நடந்ததைக் கேளுங்கள். அவ்வருஷம் பிப்ரவரியில் டிரான் என்னும் வேறொரு நாணயத்தின் அதிபரான ஜஸ்டின் சன் ஸ்டீமிட் கம்பெனியை விலைக்கு வாங்கினார். கம்பெனியோடுகூட, மொத்த நாணயத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும் அவர் கைக்கு வந்தது. அதைக் கண்டு பயந்த பழைய நிர்வாகிகள், அதாவது ஓட்டினால் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பேரேட்டை நடத்தும் 'சாட்சிகள்' என்பவர்கள், அந்தப் பங்கைக்கொண்டு ஓட்டுப் போட முடியாதபடி விதியை மாற்றிக் கட்டிவிட்டார்கள். மார்ச்சு 2-ந் தேதி பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் என்னும் மாற்றுச் சந்தைகள் தங்களிடம் வாடிக்கைக்காரர்கள் நம்பி வைத்திருந்த ஸ்டீம் நாணயங்களைக்கொண்டே ஓட்டுப் போட்டு, பழைய சாட்சிகளை இறக்கிப் புதியவர்களை ஏற்றின. பாங்கியில் நீங்கள் போட்ட பணத்தைக்கொண்டு பாங்கிக்காரன் உங்கள் ஊர்த் தேர்தலில் ஓட்டு வாங்கினால் எப்படியோ அப்படி. கூச்சல் கிளம்பவே, "இது ஏதோ சாதாரண மராமத்து என்று நினைத்தோம்" என்கின்ற பாவனையில் முதலிரண்டு சந்தைக்காரர்களும் ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

பழைய கூட்டத்தார் மார்ச்சு 20-ந் தேதி பிரிந்துபோய் ஹைவ் என்று வேறு பேரேடு துவக்கினார்கள். ஸ்டீமில் யாருக்கு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு ஹைவ் கொடுத்தார்கள், ஸ்டீமிட் கம்பெனியின் பங்குக்கு மாத்திரம் இல்லை என்றார்கள். எதிர்த்தரப்புக்கு ஓட்டுப் போட்ட சிலருக்கும் முதலில் இல்லை என்றார்கள். இந்தப் பக்கம் சும்மா இருந்தார்களா? மே 20-ந் தேதி ஸ்டீமில் விதியை மாற்றி, 64 கணக்குகளிலிருந்து ஏறக்குறைய 2 கோடியே 36 லட்சம் ஸ்டீமை ஒரே வீச்சில் பறித்தார்கள். இருதரப்பாரும் தங்கள் தங்கள் நியாயத்தைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த நியாயங்களை எடை போடுவது நமது வேலையல்ல. யாராலும் தொட முடியாது என்று சொல்லப்பட்டதை, பெரும்பான்மை நாணயம் யார் பக்கம் சேருகிறதோ அவர்கள் தொட முடியும் என்று இரு தரப்பாருமே நிரூபித்துக் காட்டிவிட்டார்கள் என்பதே நமக்கு முக்கியம். சாவி உன்னிடம் இருந்தாலும் பூட்டு அவர்களிடம் இருந்தது.

ஆனால் இந்தச் சண்டையில் ஒரு நல்ல விஷயமும் வெளிப்பட்டது. பிரிந்துபோன ஹைவில் பழைய எழுத்துக்களும், பின்பற்றும் வாசகர்களின் ஜாபிதாவும் அப்படியே கூட வந்தன. கம்பெனித் தளம் ஒன்றை விட்டுப் போகிறவனுக்கு இது கிடைக்காது. அங்கே கம்பெனி வேறு, வாசகர் கூட்டம் வேறு என்று பிரிக்க முடியாது. பிளாக்செயினால் எழுத்தாளனுக்கு உண்மையான லாபம் ஏதாவது உண்டா என்று நம்மைக் கேட்டால், நாணயத்தைச் சொல்ல மாட்டோம், இதைத்தான் சொல்லுவோம். வேடிக்கை என்னவென்றால், பிரசாரகர்கள் இதைப் பற்றி அரை வார்த்தைதான் பேசுவார்கள். இதில் விற்பதற்கு ஒன்றும் இல்லையல்லவா!

பின்னால் வந்தவர்கள் இன்னும் துணிந்தார்கள். 2023 ஆகஸ்டில் பிரெண்ட்.டெக் என்று ஒன்று கிளம்பிற்று. அதில் எழுத்தைக்கூட விற்கவில்லை, ஆளையே விற்றார்கள். ஒருவரோடு அந்தரங்கமாகப் பேசும் அறைக்குச் 'சாவி' வாங்க வேண்டும். சாவியின் விலை, விற்ற எண்ணிக்கையின் வர்க்கத்தை 16,000-ஆல் வகுத்த ஈதர். நாற்பது சாவி விற்றிருந்தால் அடுத்தது பத்தில் ஒரு ஈதர். எண்பது விற்றிருந்தால் பத்தில் நாலு ஈதர். ஆள் இரட்டித்தால் விலை நான்கு மடங்கு. ஒவ்வொரு வாங்குதலிலும் விற்றலிலும் நூற்றுக்கு 5 அந்த நபருக்கு, 5 கம்பெனிக்கு. ஆகவே அவர் நன்றாகப் பேசினால் வருமானம் இல்லை, சாவி கை மாறினால்தான் வருமானம். முதலில் வாங்கினவன் மலிவாய் வாங்கி உயரத்தில் விற்பான். கடைசியில் வாங்கினவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காலி அறைக்குள் உட்கார்ந்திருப்பான். 2024 செப்டம்பரில் நடத்தினவர்கள் அதன் கட்டுப்பாட்டை யாருக்கும் சொந்தமில்லாத ஒரு விலாசத்துக்கு மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

அப்படியானால் எழுதுகிறவன் என்ன செய்வது என்று தோழர்கள் கேட்கலாம். வாசகனே தன் பணத்திலிருந்து நேரே கொடுக்கும் ஏற்பாடுகளும் இருக்கின்றன. நாஸ்டர் என்பதில் 2023 முதல் 'ஜாப்' என்ற பெயரில், ஒரு குறிப்பைப் படித்துச் சந்தோஷப்பட்டவர் பிட்காயினில் மிகச் சிறு தொகையை எழுதினவருக்கு அனுப்பலாம். நாஸ்டர் பிளாக்செயின் அல்ல, பணம் போகும் வழி மாத்திரம் பிட்காயினைச் சேர்ந்தது. தொகை பெரும்பாலும் அற்பமே. பிட்காயின் விலையும் ஏறும், இறங்கும். ஆனால் யார் பணம் என்ற கேள்விக்கு அங்கே நேரான பதில் இருக்கின்றது. படித்தவன் பணம். பானையும் இல்லை, திமிங்கிலமும் இல்லை. அற்பத் தொகையாக இருக்கின்றதே என்றால், ஒரு கட்டுரைக்கு நமது ஜனங்கள் மனமாரக் கொடுக்கும் விலை இன்று அவ்வளவுதான். அதை மறைத்துப் பெரிய தொகை காட்டுகிறவன் வேறு எவன் மடியிலிருந்தோ எடுத்துக் காட்டுகிறான் என்பது நிச்சயம்.

ஸ்டீம், ஹைவ் போன்றவற்றில் எழுதவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எழுதட்டும். வருவதை மாற்றி எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கைப்பணத்தைக் கொண்டுபோய் உள்ளே போடும்படி எவன் சொன்னாலும், அவனிடம் எத்தனை நாணயம் இருக்கின்றது என்று முதலில் கேட்கட்டும். பூட்டி வைத்த நாணயத்தைத் திரும்ப எடுக்க ஹைவில் பதின்மூன்று வாரம் ஆகும், வாரத்துக்குப் பதின்மூன்றில் ஒரு பங்காகத்தான் வரும். ஸ்டீமின் ஆரம்பத்தில் இது 104 வாரமாக இருந்தது! இரண்டு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு "உன் பணம் உன்னுடையதே" என்று சொன்னவர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

நமது தேசத்தில் இருந்துகொண்டு சம்பாதிப்பவர் கவனிக்க வேண்டியது வேறு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய நாணயங்களை விற்று வரும் லாபத்துக்கு நூற்றுக்கு 30 வீதம் வரி. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை மற்றொன்றில் வந்த லாபத்தில் கழித்துக்கொள்ள முடியாது. அவ்வருஷம் ஜூலை முதல் விற்கும்போதே நூற்றுக்கு ஒன்று பிடித்தம். மாற்றுச் சந்தையில் விட்டு வைத்தாலும் பத்திரமில்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்தியச் சந்தையிலிருந்து 23 கோடி டாலருக்குக் குறையாத நாணயம் களவு போயிற்று. வாடிக்கைக்காரர்கள் தங்கள் நாணயத்தை வெளியில் எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். சொந்தச் சாவியில் வைத்திருப்பவரோ, அதைத் தொலைத்துவிட்டால் மனுப் போடுவதற்கு ஒரு ஆபீசும் இல்லை. எழுதிப் போட்டதை மறுநாள் வேண்டாம் என்று அழிக்கவும் முடியாது, முதலில் எழுதினது பேரேட்டில் இருந்துகொண்டேயிருக்கும். வீட்டு விலாசத்தையும், பிள்ளைகளின் பெயரையும், ஆத்திரத்தில் எழுதின பக்கத்து வீட்டுச் சண்டையையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கள், கொட்டுவதற்கு முன் ஒரு இரவு தூங்கி எழுந்திருப்பது நல்லது.